இரண்டு குப்பிகள்

நெற்றியில் அக்கி இறங்கிய வாரம்
சுங்கை பட்டாணியிலிருந்து உன் தமக்கை
காவிக்கல் உரைத்து எழுத
ஆள் தேடினாள். கிடைக்கவில்லை.
அக்கி தானாகவே போனது.
போகிற போக்கில்
வலக்கண்ணின் உணர்ச்சியைக்
கையோடு கொண்டுபோனது.

பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டு
"தெரியுதா?" என்று மலாயில் கேட்டார் டாக்டர் ஊய்.
"இன்னும் தொடவே இல்லையே" என்றேன்.
பேசாமல் எழுதிக்கொண்டார்.

வலிக்காத புண் ஆறுவதில்லையாம்.
நரம்பு அடங்கிய கண்ணுக்குத்
தான் உடைந்திருக்கும் சேதியே
போய்ச் சேருவதில்லையாம்.

ஆரஞ்சுத் தாள் நனைத்துத் தொட்டு
நீல விளக்கைப் போட்டால்
பச்சையாய் எரியும் ஒரு வட்டம்.
நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
களிம்பு, மருந்து லென்ஸ், இமைமேல் பிளாஸ்திரி.
ஏழு வாரம் கழித்தும்
நான்கு புள்ளி இரண்டு.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் கிடையாது, மலரு.
பட்டர்வொர்த் துறையில்
நாற்பதடிப் பெட்டியை லாரியின் முதுகில்
தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல்
இறக்கிவைத்தவன்
தேத்தண்ணியை மேசையில் ஊற்றினேன்.
கிரேன் சாவியை வாங்கிக்கொண்டு
கேட்டில் உட்கார்ந்து நம்பர் எழுதச் சொன்னார்கள்.

"இமையைத் தைத்துவிடலாம்" என்றார் டாக்டர்,
சட்டைப் பித்தானைப் பற்றிப் பேசுவதுபோல.
பிறகு, "அதற்கு முன் ஒன்று பார்ப்போம். இன்சுலின்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
"சர்க்கரை எனக்கில்லை டாக்டர், வீட்டுக்காரிக்கு."
"தெரியும். இது கண்ணுக்கு."

பதினோரு வருஷம்
உன் வயிற்றில் ஏறிய தண்ணீர்.
கல்யாண மண்டபத்துக் கழிவறையில்
நீ ஊசியோடு நின்றபோது
"எவ்வளவு நேரம்?" என்று
கதவைத் தட்டியவன் நான்.
ஐஸ்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம்
முகம் சுளித்தவன்.
இப்போது அதே தட்டில்,
சம்பால் டப்பாவுக்கும் உன் குப்பிக்கும் நடுவே
என் பெயர் ஒட்டிய சின்னக் குப்பி.
ஆஸ்பத்திரி மருந்தறையில் நூர்ஹஸ்லிண்டா
நீர்க்கக் கலந்து கொடுத்தது.
நாளுக்கு நான்கு வேளை, ஒரு சொட்டு.
ரத்தத்தில் சர்க்கரை இறங்காதாம்.
இருந்தாலும் முதல்நாள் இரவு
தலைமாட்டில் நீ வெல்லம் வைத்திருந்தாய்.

"ஆடாதீங்க."
விரலால் கீழிமையை இழுக்கிறாய்.
சொட்டு விழுந்தது
கன்னம் நனைந்த பிறகுதான் தெரிகிறது.
அப்புறம் என் முறை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
உன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.
போன வருஷம் ஊக்கு ஒன்று
உன் குதிகாலில் ஏறி
மூன்று நாள் உன்னோடு சமையலறையில் நடந்தது.
உனக்குத் தெரியாது.
நானும் அப்போதெல்லாம் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் மூன்று புள்ளி ஐந்து.
அடுத்த வாரம் இரண்டு.
ஃபெரியில் கடல் தாண்டி
மறுபடி நீல விளக்கின் முன் உட்கார்ந்தபோது
டாக்டர் அட்டையில் வரைந்து காட்டினார்:
வட்டம் தேய்ந்து, ஓரத்தில் மெல்லிய வளைவு.
"பிறை" என்றேன்.
"உங்கள் வீடு அங்கேதானே?" என்றார்.
தமிழில் அது நிலா என்று சொல்லத் தோன்றியது.
வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

நேற்று இரவு
நீ சொட்டு விட்டதும்
கண்ணுக்குள் ஏதோ சுருக்கென்றது.
"எரியுது."
"என்னது?"
"எரியுது, மலரு."
குப்பியை மூடாமல் நின்றாய்.
"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.
கண்ணில் வடு இருக்கும் என்கிறார்கள்.
மூடுபனிக்குள் தெரியும் பாலம்போல
விளக்குகள் மட்டும் தெரிகின்றன.
கிரேனைத் திருப்பித் தருவார்களா, தெரியாது.

டார்ச்சை எடுத்தேன்.
உன் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே
ஒரு சோற்றுப் பருக்கை
காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.
நகத்தால் மெல்லச் சுரண்டினேன்.
"தெரியுதா?"

நீ ஐஸ்பெட்டியைப் பார்த்தபடி
"இன்னும் தொடவே இல்லையே" என்றாய்.